46 பீஸ் செட் வேண்டாம்: வீட்டுல கார் வேலை பார்க்க டூல்ஸ் வாங்கின கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக அங்கங்கே சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன எபிசோட் முடிஞ்சதும் நிறைய பேர் கேட்ட கேள்வி ஒண்ணுதான்: "ப்ரோ, நீங்க உங்க கார் வேலைய நீங்களே பார்க்குறதா சொன்னீங்களே, எந்த டூல் கிட் வாங்கலாம்? லிங்க் போடுங்க."

லிங்க் போட மாட்டேன். காரணத்தைச் சொல்லத்தான் இந்த எபிசோட். நான் படிச்சது இன்ஜினியரிங், பார்க்குற வேலை சாஃப்ட்வேர். நாலு வருஷம் காலேஜ்ல வொர்க்‌ஷாப் லேப் எல்லாம் இருந்துச்சு, ரெக்கார்டு நோட்டுல ஸ்பானர் படம்கூட வரைஞ்சிருக்கேன். ஆனா ஸ்பானரைச் சரியாப் பிடிக்க எனக்குத் தெரிஞ்சது 2023 டிசம்பருக்கு அப்புறம்தான்.

அந்த டிசம்பர் 17, 18 தேதி திருநெல்வேலிக்காரங்க யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை தாண்டி ஜங்ஷன், சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், வண்ணார்பேட்டைன்னு ஊருக்குள்ள வந்துருச்சு. எங்க தெரு கொஞ்சம் மேடு. அதனால போர்ட்டிகோல நின்ன அப்பாவோட வேகன்-ஆருக்குப் பாதி டயர் உயரம்தான் தண்ணி. இன்ஜின் தப்பிச்சுருச்சு. ஆனா போர்ட்டிகோ மூலையில தரையில இருந்த அப்பாவோட பழைய இரும்பு டூல் பெட்டி முழுசா முங்கிப்போச்சு. தண்ணி வடிஞ்சதும் சேறுதான் முதல் கவலை, பெட்டியை யாரு பார்த்தா? ரெண்டு வாரம் கழிச்சுத் திறந்தா, உள்ள இருந்த ஸ்பானர் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, செங்கல் கலர்ல ஒரே கட்டி.

கார்ல இன்னொரு பிரச்சனை. மழைக்கு முன்னாடி அப்பா வழக்கம்போல ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தியிருந்தார். பின்சக்கரத்துல டிரம் பிரேக். தண்ணி உள்ள போய், அப்படியே நாள்கணக்கா நின்னதுல பிரேக் ஷூ டிரம்மோட துருப்பிடிச்சு ஒட்டிக்கிச்சு. ஹேண்ட் பிரேக்கை இறக்கினாலும் வண்டி நகராது. அந்த வாரம் ஊர்ல எந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டாலும் "தம்பி, இருவது வண்டி நிக்குது, பொங்கல் கழிஞ்சு பார்ப்போம்"னுதான் பதில். அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. ஊரே முங்கிக் கிடந்த நேரம்.

யூடியூப்ல பார்த்தேன். வீலைக் கழட்டி, டிரம்மைச் சுத்தி சுத்தியலால தட்டினா விட்டுரும்னு இருந்துச்சு. சரி, நாமளே பார்த்துருவோம். ஆன்லைன்ல "46 இன் 1" சாக்கெட் செட் ஒண்ணு ஆர்டர் போட்டேன். உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்: பச்சை இல்ல கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி, உள்ள குட்டிக்குட்டியா சாக்கெட், ஒரு ராட்செட், நிறைய பிட். ஆயிரம் ரூபாய்க்குள்ள வரும். 46 டூல் ஆயிரத்துக்குள்ளன்னா ஒண்ணு இருவது ரூபா. மூளை உடனே 'டீல்'னு சொல்லிரும்.

பெட்டி வந்துச்சு. வீல் நட்டு 19 மில்லிமீட்டர். பெட்டில இருந்த பெரிய சாக்கெட் 14. முதல் வேலைக்கே 46 டூல்ல ஒண்ணுகூட உதவல. வண்டியோட வந்த எல் வடிவ வீல் ஸ்பானரை எடுத்து, அது மேல ஏறி நின்னு நட்டை லூஸ் பண்ணினேன். அது எவ்வளவு முட்டாள்தனம்னு அப்புறம் கணக்குப் போட்டே காட்டுறேன்.

ஸ்டெப்னி பக்கத்துல இருக்குற சிசர் ஜாக்கியை எடுத்து, பின்பக்கம் தூக்கி, வீலைக் கழட்டியாச்சு. டிரம் சுத்தணுமேன்னு ஹேண்ட் பிரேக்கை இறக்கிட்டேன். கியர் நியூட்ரல்ல இருந்துச்சு. முன்சக்கரத்துக்குக் கல் வைக்கல. ஜாக்கிக்குக் கீழ போர்ட்டிகோ ஓரத்து மண், ரெண்டு வாரத்துக்கு முன்னாடி தண்ணிக்குள்ள இருந்த மண். இவ்வளவும் பண்ணிட்டு சுத்தியலை எடுத்துத் தட்ட ஆரம்பிச்சேன். பத்தாவது அடியோ பதினஞ்சாவது அடியோ, டிரம் 'டக்'னு விட்டுச்சு. 'ஹையா'ன்னு நினைக்குறதுக்குள்ள வண்டி ஒரு நாலு இஞ்ச் முன்னாடி உருண்டுச்சு, ஜாக்கி சாஞ்சுச்சு, டிரம் நேரா மண்ணுல வந்து குத்துச்சு.

அதுக்கு ரெண்டு செகண்டுக்கு முன்னாடி வரைக்கும், பிரேக் பைப்பு துருப்பிடிச்சிருக்கான்னு பார்க்குறதுக்காக என் இடது கை டிரம்முக்குப் பின்னாடி இருந்துச்சு. சுத்தியலை ரெண்டு கையால பிடிக்கத்தான் அதை வெளிய எடுத்தேன். கை இன்னைக்கு என்கிட்ட இருக்குறதுக்கு அதைத் தவிர வேற காரணம் கிடையாது.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு அண்ணாச்சி ஓடி வந்தார். கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகமா இருந்த காலத்துல டெப்போல மெக்கானிக்கா சேர்ந்து, ரிட்டயர் ஆனவர். பேட்டை ஐடிஐ-ல படிச்சவர். என்னைப் பார்த்தார், ஜாக்கியைப் பார்த்தார்.

"ஏல, அந்த ஜாக்கிய நம்பியா உள்ள கைய விட்ட?"

"கம்பெனி குடுத்த ஜாக்கிதான அண்ணாச்சி?"

"கம்பெனிக்காரன் அதை டயர் மாத்தக் குடுத்தான். நீ கொல்லப்பட்டறை நடத்துத."

அன்னைக்கு சாயங்காலம் அவர் என்னை உட்கார வச்சு சொன்னதுல இருந்துதான் என்னோட டூல் லிஸ்ட் ஆரம்பிக்குது. இனி சொல்லப்போறதுல பாதி அவர் சொன்னது. மீதி நான் படிச்சு, வாங்கி, உடைச்சுக் கத்துக்கிட்டது.

முதல் காசு எங்க போகணும்?

ஸ்பானருக்கு இல்ல. ஜாக் ஸ்டாண்டுக்கு. முக்காலி மாதிரி கால் விரிஞ்சு, நடுவுல ஏத்தி இறக்குற பல் வச்ச தூண் இருக்குமே, அது. ஜோடியா விப்பாங்க. ரெண்டு டன், மூணு டன்னு போட்டிருக்கும். ஜாக்கி தூக்குறதுக்கு, ஸ்டாண்டு தாங்குறதுக்கு. சிசர் ஜாக்கில வண்டியோட பாரம் ஒரு திருகுல, ஒரு சின்ன அடித்தட்டுல நிக்குது. நேரா கீழ் நோக்கி வர்ற பாரத்தைத் தாங்கும். பக்கவாட்டுல ஒரு தள்ளு வந்தா அதுக்கு ஒண்ணும் பண்ணத் தெரியாது. சுத்தியலடி பக்கவாட்டுத் தள்ளுதான். இறுகின நட்டை இழுக்குறதும் பக்கவாட்டுத் தள்ளுதான். வேகன்-ஆர் மாதிரி சின்ன கார்கூட முக்கால் டன்னுக்கு மேல எடை, ஞாபகம் இருக்கட்டும்.

நம்ம ஊர்ல இதுக்கு ஒரு 'ஜுகாட்' உண்டு: ஹாலோ பிளாக் கல்லை அடியில வைக்குறது. தயவுசெஞ்சு வேண்டாம். சுவர்ல அது பாரம் தாங்குறது, பாரம் முழுப் பரப்புலயும் பரவுறதால. காரோட ஒரு சின்ன இரும்பு விளிம்பு அதோட நடுவுல குத்தும்போது, முன்னறிவிப்பே இல்லாம பொடியா உதிரும். மரக்கட்டைன்னா நசுங்கும்போது முனகும், கீறல் விடும், உங்களுக்கு ஒரு செகண்ட் கிடைக்கும். கான்கிரீட் அந்த செகண்டைத் தராது.

அண்ணாச்சியோட வரிசை இது: சமதளம், கெட்டித் தரை. மண்ணுன்னா ஜாக்கிக்குக் கீழ கனமான பலகை. தூக்குற பக்கத்துக்கு எதிர்க்கோடி சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் கல். முன்சக்கர டிரைவ் வண்டியில பின்பக்கம் தூக்கினா முதல் கியர் போட்டு நிறுத்து. நட்டைத் தரையில இருக்கும்போதே கால் சுத்து லூஸ் பண்ணிட்டு அப்புறம் தூக்கு. ஸ்டாண்டை வை, பாரத்தை அது மேல இறக்கு, வண்டியைக் கையால ஆட்டிப் பாரு. கழட்டின வீலை சும்மா ஓரமா உருட்டி விடாம வண்டி விளிம்புக்கு அடியில படுக்கப் போடு. எல்லாம் தப்பினாலும் வண்டி அந்த வீல் மேலதான் விழும், உன் மேல விழாது.

சரி, ஸ்பானருக்கு வருவோம்.

உங்க காரோட அளவு எது?

46 இன் 1 பெட்டில என்ன தப்புன்னா, அது உங்க வண்டியைப் பார்த்து செஞ்சது இல்ல. எண்ணிக்கை ஏறணும்னு செஞ்சது. 4, 4.5, 5, 5.5ன்னு சாக்கெட் இருக்கும். கார்ல 4.5 மில்லிமீட்டர் நட்டை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல.

போல்ட்டுல ரெண்டு அளவு உண்டு. மரை இருக்குற தண்டோட விட்டம் ஒண்ணு: எம்6, எம்8, எம்10ன்னு சொல்றது. ஸ்பானர் பிடிக்குற தலையோட அகலம் இன்னொண்ணு. ஸ்பானர்ல எழுதியிருக்குறது இந்த ரெண்டாவது அளவு. இதுல ஜப்பான்காரங்க வழக்கமும் ஐரோப்பாக்காரங்க வழக்கமும் வேற வேற. எம்6க்கு ரெண்டு பேருக்கும் தலை 10தான். எம்8க்கு ஜப்பான் வழக்கம் 12, ஐரோப்பா வழக்கம் 13. எம்10க்கு ஜப்பான்ல 14, அங்க 16 இல்ல 17. மாருதி சுஸூகியோட வேர் ஜப்பான். அதனால வண்டி முழுக்க 10, 12, 14, 17, 19 இந்த அஞ்சுதான் திரும்பத் திரும்ப வரும். ஹூண்டாய்லயும் 10, 12, 14, 17 நிறைய, வீல் நட்டு மட்டும் பெரும்பாலும் 21. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வச்சிருக்கீங்கன்னா 13, 16 இல்லாம ஒண்ணும் நடக்காது, கூடவே நட்சத்திர வடிவ டார்க்ஸ் பிட்டும் வேணும்.

இதைத் தெரிஞ்சுக்கிட்ட அன்னைக்கு எனக்கு வந்த நிம்மதி இருக்கே! 46 இல்ல, அஞ்சு. அந்த அஞ்சையும் நல்லதா வாங்கினா போதும்.

அமெரிக்காவுல ஸ்னாப்-ஆன் கம்பெனி 1920-ல ஆரம்பிச்சதே இந்த மாதிரி ஒரு யோசனையிலதான். அதுக்கு முன்னாடி சாக்கெட்டும் கைப்பிடியும் ஒரே துண்டா இருக்கும். ஒவ்வொரு அளவுக்கும் ஒவ்வொரு வடிவக் கைப்பிடிக்கும் தனித்தனி டூல். அவங்க சாக்கெட்டைத் தனியா, கைப்பிடியைத் தனியாப் பிரிச்சு, அஞ்சு கைப்பிடி, பத்து சாக்கெட், ஐம்பது டூலோட வேலைன்னு வித்தாங்க. நம்ம பாஷையில சொன்னா மாடுலர் டிசைன். இன்னைக்கு ஆன்லைன் பெட்டிக்காரங்க அதைத் தலைகீழாக்கி, ஐம்பது டூலைக் கொடுத்து அஞ்சோட வேலையைக்கூட செய்ய விடாம வச்சிருக்காங்க.

அந்தப் பெட்டியோட கதையையும் முடிச்சுருவோம். அதுல இருந்த ராட்செட் கால் இஞ்ச் டிரைவ். அதாவது சாக்கெட்டுக்குள்ள போற சதுரக் குச்சி கால் இஞ்ச்தான். டேஷ்போர்டு, பேட்டரி டெர்மினல் மாதிரி சின்ன வேலைக்குச் சரி. நான் அதை வச்சு 14 மில்லிமீட்டர் போல்ட் ஒண்ணை இழுத்தேன். உள்ள இருந்த பல் நொறுங்குற சத்தம் முறுக்கு கடிக்குற மாதிரி கேட்டுச்சு. கார் வேலைக்கு அரை இஞ்ச் டிரைவ் ஒண்ணு வேணும், வீல் நட்டுக்கும் சஸ்பென்ஷனுக்கும். முடிஞ்சா பிறகு முக்கால்வாசி வேலைக்கு மூணுக்கு எட்டு இஞ்ச் டிரைவ் வாங்கிக்கலாம். ராட்செட்ல பல் எண்ணிக்கை கேளுங்க. 24 பல்லுன்னா ஒவ்வொரு கிளிக்குக்கும் கைப்பிடி 15 டிகிரி நகரணும். 72 பல்லுன்னா 5 டிகிரி போதும். இன்ஜின் பேல கை நுழையாத இடத்துல அந்த 10 டிகிரி வித்தியாசம்தான் வேலை நடக்குமா நடக்காதான்னு முடிவு பண்ணும்.

சாக்கெட்டுக்குள்ள எட்டிப் பாருங்க. ஆறு மூலையா, பன்னெண்டு மூலையா? போல்ட் தலைக்கு ஆறு பக்கம். ஆறு மூலை சாக்கெட் அந்தப் பக்கங்களோட தட்டையான பகுதியைத் தள்ளும். பன்னெண்டு மூலை சாக்கெட் போடுறது சுலபம், ஆனா விளிம்புக்குப் பக்கத்துல தள்ளும். புது போல்ட்டுன்னா ரெண்டும் ஒண்ணுதான். வெள்ளத்துல முங்கி, துரு தின்னு, ஏற்கெனவே ஒருத்தர் தப்பான ஸ்பானர் போட்டு மழுங்கடிச்ச போல்ட்டுன்னா பன்னெண்டு மூலை வழுக்கிட்டுப் போயிரும். நம்ம ஊரு வண்டிகளுக்கு நான் ஆறு மூலைதான் சொல்வேன்.

ஸ்பானர்ல ஒருபக்கம் வாய் திறந்தது, ஒருபக்கம் வளையம் இருக்குற காம்பினேஷன் வகை எடுங்க. மெக்கானிக் ஷெட்டுல "பன்னெண்டு-பதிமூணு எடுல"ன்னு கத்துறது ரெண்டு பக்கமும் வாய் திறந்த ஸ்பானருக்கு. 6-7, 8-9, 10-11, 12-13ன்னு ஜோடி ஜோடியா வரும். எட்டு ஸ்பானர்ல பதினாறு அளவு, சிக்கனம்தான். ஆனா இறுகின போல்ட்டை வாய் திறந்த பக்கத்தால உடைக்கப் பார்க்காதீங்க. அது ரெண்டே பக்கத்தைப் பிடிக்குது, இழுக்கும்போது வாயும் கொஞ்சம் விரியும். வளையத்தால உடைச்சுட்டு, வாயால வேகமா சுத்திக் கழட்டணும். இன்னொண்ணு, ஸ்பானரை எப்பவும் உங்களை நோக்கி இழுங்க. தள்ளினா, அது விடுற நொடியில உங்க விரல் முட்டி ரேடியேட்டர்ல போய் அடிக்கும். என் வலது கையில தழும்பு இருக்கு, வேணும்னா வீடியோ எபிசோட்ல காட்டுறேன்.

கடையில எப்படிப் பார்க்குறது?

டவுன் ரத வீதியிலயும் ஜங்ஷன் பக்கமும் ஹார்டுவேர் கடைக்குக் குறைச்சல் இல்ல. நான் போகும்போது சட்டைப் பையில மூணு புது போல்ட் கொண்டுபோவேன்: எம்6, எம்8, எம்10. கடைக்காரர் முதல்ல சிரிச்சார். ஸ்பானரைக் கையில வாங்கி, போல்ட் தலையில போட்டு, லேசா ஆட்டிப் பார்க்கணும். நல்ல ஸ்பானர் ஒட்டினாப்ல நிக்கும். மட்டமானது டகடகன்னு ஆடும். அந்த ஆட்டம்தான் போல்ட் தலையை மழுங்கடிக்குது. ஆன்லைன்ல இதைப் பண்ண முடியாது, நான் லிங்க் போடாததுக்கு இது ஒரு காரணம்.

குரோம் வனேடியம்னு பொறிச்சிருக்கான்னு எல்லாரும் பார்க்கச் சொல்வாங்க. பாருங்க, ஆனா அதை மட்டும் நம்பாதீங்க. அது இரும்புல என்ன கலந்திருக்குங்குறதைத்தான் சொல்லும். அந்த இரும்பைச் சூடாக்கி, குளிர வச்சு, மறுபடி பதமாச் சூடாக்கின விதத்துலதான் டூலோட குணம் இருக்கு. நம்ம ஊரு ஆசாரி பழைய லாரி பட்டையை அடிச்சு அரிவாள் செய்றதைப் பார்த்திருப்பீங்க. செக்கச்செவேல்னு காய்ச்சி, தண்ணியில தோய்ச்சு எடுப்பார். அதிகமா கெட்டிப்பட்டா உடையும், பத்தலைன்னா வளையும். ஸ்பானருக்கும் அதே கணக்குதான். மட்டமான ஸ்பானர் வாய் விரியும், இல்ல படக்குனு விரிசல் விடும். (இதே ஆத்தங்கரையில ஆதிச்சநல்லூர்ல அலெக்சாண்டர் ரீ நூறு வருஷத்துக்கு முன்னாடி தோண்டினப்போ தாழிகளோட இரும்புக் கருவிகளும் கிடைச்சுது. நம்ம ஆளுங்களுக்கு இரும்பு புதுசு இல்ல, ஆன்லைன் ஆஃபர்தான் புதுசு.)

பிராண்ட் கேட்டீங்க. நான் விளம்பரம் வாங்கல, அதனால தைரியமா சொல்றேன். நம்ம நாட்டுல கைக்கருவி செய்ற பெரிய ஊருங்க பஞ்சாப்ல ஜலந்தர், லூதியானா. மகாராஷ்டிராவுல நாசிக்ல டபாரியா. எங்க ஊரு மெக்கானிக் கையில அதிகமா நான் பார்க்குறது டபாரியாதான். வீட்டு வேலைக்கு அது தாராளம். ஜெர்மன், அமெரிக்கப் பெயர்கள் மேல எனக்கும் ஆசை உண்டு, ஆனா மாசத்துக்கு ஒரு நாள் வண்டியைத் தொடுறவனுக்கு அது ஆசை மட்டும்தான்.

பழைய டூல்ஸையும் ஒதுக்காதீங்க. காயலான் கடையில கிலோ கணக்குல கிடைக்குற பழைய ரிங் ஸ்பானர், புது பிளாஸ்டிக் பெட்டி செட்டை விட நூறு மடங்கு தேவலாம். அந்தக் 'காயலான்'ங்குற பேரே நம்ம காயல்பட்டினத்து வியாபாரிங்களால வந்ததுன்னு சொல்வாங்க. வாய் விரியாம இருக்கா, விரிசல் இருக்கான்னு மட்டும் பாருங்க. அப்பாவோட துருக்கட்டியை நான் தூக்கிப்போடல. மண்ணெண்ணெய்ல ஊறப்போட்டு, கம்பி பிரஷ்ல தேய்ச்சதுல ஏழு ஸ்பானர் பிழைச்சுது. அதுல 14-15 இன்னைக்கும் என்கிட்ட இருக்குறதுலயே நல்ல ஸ்பானர். அப்பா முகத்தைப் பார்க்கணுமே அன்னைக்கு.

துரு எடுக்க டபிள்யூடி-40 பத்தியும் ஒரு வார்த்தை. அது 1953-ல தண்ணியை விரட்ட செஞ்ச திரவம். பேர்ல இருக்குற டபிள்யூ-வும் டி-யும் அதைத்தான் சொல்லுது, 40ங்குறது நாப்பதாவது முயற்சி. வெள்ளத்துல நனைஞ்ச சாமானுக்கு முதலுதவியா அருமை. ஆனா அதுவே நிரந்தர கிரீஸ் இல்ல. அடிச்சுட்டு, துடைச்சுட்டு, மெல்லிசா எண்ணெய் பூசணும். பிரேக் ஷூ, டிஸ்க் பக்கம் அதைக் கொண்டே போகாதீங்க.

திருப்புளி விஷயம்

இதை நான் ரொம்ப லேட்டாத்தான் கத்துக்கிட்டேன். நாலு மூலை பிளஸ் திருப்புளி எல்லாம் ஒண்ணு இல்ல. கடையில கிடைக்குறது பெரும்பாலும் பிலிப்ஸ் வகை. அமெரிக்காவுல ஹென்றி பிலிப்ஸ் 1930-கள்ல கொண்டுவந்தது. ஜப்பான் வண்டிகள்ல, முக்கியமா பழைய பைக்குல இருக்குறது ஜேஐஎஸ்னு ஜப்பான் தர அளவுல செஞ்ச ஸ்குரு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், உள்ள வளைவு வேற. பல ஜேஐஎஸ் ஸ்குரு தலையில ஒரு சின்னப் புள்ளி இருக்கும், அதுதான் அடையாளம். பிலிப்ஸ் திருப்புளியை அதுல போட்டா அடிவரை இறங்காது. பலமா திருகினா மேல ஏறி வழுக்கி, ஸ்குரு தலையைத் தின்னுரும். அப்பாவோட பழைய யமஹாவுல ரெண்டு ஸ்குருவை நான் அப்படிக் காலி பண்ணினேன். 'மட்டமான ஸ்குரு'ன்னு அதைத்தான் திட்டினேன், பாவம். ஜப்பான்ல வெஸல் மாதிரி கம்பெனிங்க ஜேஐஎஸ் பொருந்துற திருப்புளி செய்றாங்க. ரெண்டாம் நம்பர் ஒண்ணு போதும்.

எவ்வளவு இறுக்கணும்?

இப்போ நான் சொன்ன கணக்கு. பல மாருதி சின்ன கார்களோட மேனுவல்ல வீல் நட்டுக்குப் போட்டிருக்குற இறுக்கம் 85 நியூட்டன் மீட்டர். கால் மீட்டர் நீள ஸ்பானரோட நுனியில சுமார் 35 கிலோ விசை. என் எடை 70 கிலோ. முப்பது சென்டிமீட்டர் ஸ்பானர் நுனியில நான் ஏறி நின்னா 200 நியூட்டன் மீட்டரைத் தாண்டுது. ரெண்டு மடங்குக்கு மேல! லூஸ் பண்ண ஏறி நின்னு கீழ விழுந்தா எனக்குத்தான் அடி. இறுக்கும்போது ஏறி நின்னா ஸ்டட் இழுபட்டு, மரை போய், ஒருநாள் நாங்குநேரி பக்கம் ஹைவேல 90-ல போகும்போது என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

சின்ன போல்ட்டுல இதுக்கு நேர் எதிர். 10 மில்லிமீட்டர் தலை உள்ள எம்6 போல்ட்டுக்கு சுமாரா 10 நியூட்டன் மீட்டர்தான். 15 சென்டிமீட்டர் ஸ்பானர்ல ஏழு கிலோ விசை. மணிக்கட்டு மட்டும் திரும்பினா போதும். நான் டேப்பட் கவர் போல்ட்டை 'சிக்குனு' இறுக்கணும்னு தோள்பட்டை வரைக்கும் பலத்தைக் கொடுத்தேன். இறுகி, இறுகி, திடீர்னு லேசாச்சு. அந்த 'லேசாச்சு' இருக்கே, வயித்துல புளியைக் கரைக்கும். அலுமினியத்துல மரை போயிருச்சு. ஒரு போல்ட்டுக்காக லேத் பட்டறைக்கு அலைஞ்சேன்.

அதனால மூணாவது காசு டார்க் ரெஞ்சுக்கு. இத்தனை நியூட்டன் மீட்டர்னு திருகி வச்சா, அந்த இறுக்கம் வந்ததும் 'கிளிக்'னு சொல்லும். வீல் நட்டு, ஸ்பார்க் பிளக் ரெண்டையும் நீங்களே கழட்டி மாட்டுவீங்கன்னா, இது ஆடம்பரம் இல்ல. வேலை முடிஞ்சதும் அளவைக் குறைச்சு வைங்க, உள்ள ஸ்பிரிங் இருக்கு. லூஸ் பண்ண அதைப் பயன்படுத்தாதீங்க. அண்ணாச்சிக்கு இதுல நம்பிக்கை இல்ல. "முப்பது வருசம் கைதான்ல எனக்கு மீட்டர்"னு சொன்னார். சோதிச்சுப் பார்ப்போம்னு அவரை ஒரு வீல் நட்டை இறுக்கச் சொல்லி, நான் ரெஞ்சை 85-ல வச்சுப் போட்டேன். நட்டு நகராமலேயே கிளிக் அடிச்சுது. அடுத்து நான் கையால இறுக்கின நட்டு. அது அரைச் சுத்து ஓடுச்சு. அவர் ஒண்ணும் சொல்லல, வெத்தலையை மட்டும் மடிச்சுக்கிட்டார்.

வாங்க வேண்டாததையும் சொல்லிடுறேன். பெட்ரோல் பங்க்ல விக்குற மடக்கு செட். பேட்டரி இம்பாக்ட் ரெஞ்ச், முதல் வருஷத்துக்கு வேண்டாம், எவ்வளவு இறுக்குறோம்னு கைக்குத் தெரியாமலே போயிரும். அட்ஜஸ்டபிள் ஸ்பானரை பைப் வேலைக்கு வச்சுக்கங்க, கார் போல்ட்டுக்கு எடுக்காதீங்க. பிரேக் லைன், ஏர்பேக், ஸ்டியரிங் வேலையை நான் இன்னும் ஷெட்டுக்குத்தான் அனுப்புறேன். அதுல வெட்கம் இல்ல.

மொத்தமா எனக்கு ஒரே நாள்ல செலவாகல. முதல் மாசம் ஜாக் ஸ்டாண்டு, ரெண்டு மரக்கட்டை. அடுத்த மாசம் 10, 12, 14, 17, 19 காம்பினேஷன் ஸ்பானர். அப்புறம் அரை இஞ்ச் ராட்செட், அதே அளவுல சாக்கெட், ஸ்பார்க் பிளக்குக்கு ஆழமான 16. வேலை வரும்போது அதுக்கான டூலை வாங்கினேன். 10 மில்லிமீட்டர் சாக்கெட்டை மட்டும் ரெண்டா வாங்குங்க. உலகம் முழுக்க எல்லா கராஜ்லயும் முதல்ல காணாமப்போறது அதுதான், எங்க போகுதுன்னு யாருக்கும் தெரியாது. என்னோடது ஒண்ணு இன்ஜின் பேல விழுந்துச்சு, இன்னும் தரைக்கு வந்து சேரல.

போர்ட்டிகோ சுவர்ல வெள்ளம் வந்த கோடு இன்னும் இருக்கு. அப்பா வெள்ளையடிக்கும்போது அந்த இடத்தை மட்டும் விடச் சொல்லிட்டார். அந்தக் கோட்டுக்கு மேல ரெண்டடி தள்ளி ஆணி அடிச்சு, ஒரு பலகையில ஸ்பானரை வரிசையா மாட்டியிருக்கேன். பழைய பெட்டியில இருந்து பிழைச்ச ஏழும் அதுல இருக்கு.

அடுத்த எபிசோட்ல பேட்டரி. உங்க வண்டியோட பேர், வீல் நட்டு அளவு ரெண்டையும் எழுதி அனுப்புங்க. அளவு தெரியலைன்னா இப்பவே போய் ஸ்டெப்னி பக்கத்துல இருக்குற ஸ்பானரை எடுத்துப் பாருங்க. வரட்டா.